உப்பு போட்டும் வெளுக்காத பிளாஸ்டிக் புழு: நான்கு வார்ப்பில் தெரிந்தது

செய்தது தூண்டிலில் போலி இரையாக மாட்டும் 5 அங்குலக் குச்சிப்புழு. நிறம் தர்பூசணித் தோல் பச்சை, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். கறுப்புப் புழுவுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். எந்த உப்பைப் போட்டாலும் கொஞ்சம் சாம்பல் பூக்கும், அதோடு சரி. ஊடுருவித் தெரியும் நிறங்களில்தான் உப்பு தன் வேலையைக் காட்டும்: பச்சை மோர் ஊற்றினது போல ஆகிவிடும்.

உப்பு எதற்கு என்றால் முதலில் எடைக்கு. சாஃப்ட் பிளாஸ்டிக்குக்கான பிளாஸ்டிசால் (சூடாக்கி அச்சில் வார்க்கும் பி.வி.சி. திரவம்) தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். உப்பின் அடர்த்தி 2.16. 100 கிராம் பிளாஸ்டிசாலில் 25 கிராம் உப்பு கலந்தால் புழுவின் அடர்த்தி ஏறத்தாழ 1.15 ஆகிவிடும். ஈயக் குண்டு கட்டாமலே காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நின்று எதிர்காற்றில் வீச இது போதும். உப்பு ருசிக்கு மீன் புழுவை வாயிலிருந்து விடாது என்று சொல்வதும் உண்டு. கெளுத்திக்கு வேண்டுமானால் பொருந்தலாம். பாய்ந்து அடிக்கிற விராலுக்கு ருசி பார்க்க எங்கே நேரம்?

வெளுப்புக்கு மூன்று காரணம்: பொடியின் அளவு, ஈரம், உப்போடு ஒட்டி வரும் வேறு சரக்கு. ஒரு கல் உப்பைத் தனியாக எடுத்துப் பாருங்கள், கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும். மிக்ஸியில் போட்டால் சுண்ணாம்புப் பொடி. உடைந்த ஒவ்வொரு முகமும் ஒளியைச் சிதறடிக்கிறது. மாவுப் பதத்தில் முகங்கள் பல மடங்கு கூடிவிடுவதால் அதே 20 கிராம் உப்பு புழுவைப் பாலாக்கும். பருவெட்டாக இருந்தால் நிறம் தப்பும், ஆனால் உப்பு அடியில் போய் உட்காரும், புழு அந்த இடத்தில் அறுந்துபோகும். நடுவில் இருப்பது ரவைப் பதம். ரவை சலிக்கும் சல்லடையில் கீழே இறங்க வேண்டும், மைதா சல்லடையில் மேலே நிற்க வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் கிடைப்பதை மட்டும் எடுங்கள். மைதா சல்லடையில் இறங்கிய தூளைக் கறுப்புப் புழுவுக்கு எடுத்து வைக்கலாம்.

எந்த உப்பு? இரும்புச்சத்து சேர்த்த உப்பு வேண்டாம், சூட்டில் பழுப்பு தட்டுகிறது. கட்டிபிடிக்காத மேஜை உப்பு ஏற்கெனவே ரொம்பப் பொடி, அதனால் மைதா சல்லடை வழியே பாதிக்கு மேல் ஓடிவிடும். பேரணாம்பட்டு, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதப்படுத்தப் போகும் மூட்டை உப்பு மலிவாகக் கிடைக்கும். தோலிலிருந்து உதறிய உப்பு என்றால் தொடவே தொடாதீர்கள், அழுக்கும் நாற்றமும் அப்படியே புழுவில் இறங்கும். சுத்தமான வெள்ளைக் கல் உப்பு போதும். அதில் கொஞ்சம் மெக்னீசிய உப்பும் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும், அதற்கு வறுக்க வேண்டும்.

வறுப்பதற்கு முன்பே அரைத்துவிடுங்கள். கல்லாகவே வறுத்தால் உள்ளே சிறைப்பட்ட உப்புத்தண்ணீர் கொதித்துப் படபடவென்று வெடிக்கும். வாணலியில் வெடித்தால் பரவாயில்லை, 170 டிகிரி பிளாஸ்டிசாலுக்குள் வெடித்தால் கையில் தெறிக்கும். இரும்பு வாணலி வேண்டாம், துருப்புள்ளி ஒட்டி வரும், எவர்சில்வர் போதும். மிதமான தீயில் 20 நிமிடம். வெடிச்சத்தம் நின்று, மேலே கவிழ்த்துப் பிடித்த தட்டில் ஆவி படியாமல் இருந்தால் ஆயிற்று. ஆறியதும் மறுபடி சலித்து, மூடி இறுகும் பாட்டிலில் அடையுங்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே கசியும். வேலூரில் அக்னி நட்சத்திர வெயிலுக்கு மொட்டைமாடியில் பரப்பினாலே பாதி வேலை முடியும். ஐப்பசி மழையில் காலையில் வறுத்த உப்பை மாலையில் நம்ப முடியாது, வார்க்கும் முன் இன்னொரு முறை சூடு காட்ட வேண்டும்.

இனி உருக்குவது. சமையலறையில் வேண்டாம், சமைக்கும் பாத்திரத்திலும் வேண்டாம். பி.வி.சி. கருகினால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வரும். காற்றோட்டமான இடம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை கட்டாயம். உருகிய பிளாஸ்டிசால் வெல்லப்பாகு மாதிரி தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். பால் நிறத்தில் இருக்கும் திரவம் சூடேற ஏற அல்வாப் பதத்துக்குக் கெட்டியாகும், பிறகு 175 டிகிரியில் கண்ணாடியாகத் தெளியும். தெளிந்த பிறகு நிறம், அதற்குப் பிறகு கிளிட்டர், கடைசியில் உப்பு. முதலிலேயே உப்பைப் போட்டால் அது அடியில் தங்கி, அடிச்சூட்டில் பிளாஸ்டிசால் மஞ்சளிக்கும். நிறம் கெட்டது உப்பால் என்று நினைப்போம், உண்மையில் அது கருகல். உப்பைச் சூடாகவே போடுங்கள். 100 கிராமுக்கு 20 கிராம் குளிர்ந்த உப்பு விழுந்தால் சூடு 15 டிகிரி வாக்கில் இறங்கும், கலவை இறுகும், கிளறக் கிளறக் காற்று உள்ளே போகும். அந்தக் காற்றுக் குமிழும் வெளுப்புதான். அடியைத் தொட்டு மெல்லச் சுழற்றுங்கள், அடிக்கக் கூடாது.

100 கிராம் பிளாஸ்டிசாலுக்கு ரவைப் பத உப்பு கலந்து வார்த்ததில்:

10 கிராம்: நிறம் அப்படியே, எடையில் பெரிய வித்தியாசம் இல்லை.
20 கிராம்: வெளிச்சத்தில் பிடித்தால் லேசான மூட்டம். தண்ணீரில் போட்டால் தெரியவில்லை.
30 கிராம்: பாசிப்பச்சையாக மாறியது. புழு விறைத்தது, மென்மையாக்கும் திரவம் 5 மில்லி சேர்க்க வேண்டியிருந்தது.
40 கிராம்: பட்டி பார்க்கும் மாவு மாதிரி. ஒன்றரை மடங்கு நீட்டுவதற்குள் அறுந்தது.

இதில் 20 கிராம்தான் நமக்கு. விராலுக்குப் பல் உண்டு, ஒரு அடியிலேயே உப்புப் புழு கிழியும் என்பதால் 15 போட்டாலும் தப்பில்லை.

அந்த லேசான மூட்டத்தையும் போக்க நிறத்தைக் கூட்ட வேண்டும். உப்பில்லாமல் 6 சொட்டுப் பச்சை, 1 சொட்டு பழுப்பு என்றால் 20 கிராம் உப்புக்கு 9 சொட்டுப் பச்சை, 2 பழுப்பு. வெள்ளை கலந்த நிறச்சாயம் கூடவே கூடாது, மூட்டத்தோடு மூட்டம் சேரும். சூடாக இருக்கும்போது நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; ஆறினால் வேறு மாதிரி தெரியும். ஒரு ஸ்பூன் எடுத்துக் கண்ணாடித் துண்டில் ஊற்றி, ஆறியதும் வெள்ளைத் தாளின் மேல் ஒரு முறை, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு முறை பாருங்கள். அரை மணி ஊறிய பிறகு மேற்பரப்பு உப்பு கரைந்து சின்னக் குழிகள் விழும், கொஞ்சம் வெளுக்கும். அதைத் தடுக்க வழி இல்லை.

ஊற்றும்போது ஒவ்வொரு புழுவுக்கும் முன்னால் ஒரு கிளறு. இல்லையென்றால் முதல் புழு மெல்ல இறங்கும், கடைசிப் புழு கல்லாக விழும். திறந்த அச்சில் உப்பு கீழ்ப்பக்கம் இறங்கும் என்பதால் வயிற்றுப்பக்கம் அச்சின் அடியில் வரும்படி வையுங்கள், தண்ணீரிலும் புழு வயிறு கீழாக நிற்கும்.

30 கிராம் உப்பு தரும் எடையும் வேண்டும், பச்சையும் தெளிவாக வேண்டும் என்றால் இரட்டை வார்ப்பு. அச்சில் பாதிவரை உப்பு மிகுந்த முத்து வெள்ளை வயிறு. அதன் மேல் உப்பே இல்லாத பச்சை முதுகு. வயிறு ஏடு கட்டி, சூடு ஆறாமல் இருக்கும்போதே முதுகை 170 டிகிரியில் ஊற்ற வேண்டும். ஆறவிட்டால் இரண்டும் தோசையும் கல்லும் மாதிரி பிரிந்து வரும். மழை ஓய்ந்து தெளிந்த தண்ணீருக்கு, மோர்தானா போன்ற அணைக்கு, இது பொருந்தும். கலங்கிய ஏரிக்கு இத்தனை வேலை வீண். எந்த ஏரியானாலும் மீன் குத்தகை யாரிடம் என்று கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு போடுங்கள்.

ஆறிய புழுவைப் பாலித்தீன் பையில், நேராகப் படுக்க வைத்து அடையுங்கள். கெட்டியான பாலிஸ்டைரீன் டப்பா இளகி ஒட்டிக்கொள்ளும். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் மடிந்து கிடந்தால் மடிந்தபடியே நிற்கும். பச்சையும் கறுப்பும் ஒரே பையில் இருந்தால் கறுப்பு ஏறும். உப்புப் புழுவைத் தூண்டில் முள்ளில் மாட்டியபடி விட்டால் மறுநாளே துரு. வெட்டிய மிச்சத்தை உப்பில்லாத மிச்சத்தோடு கலக்க வேண்டாம். உப்பு கலந்த மிச்சம் மறு உருக்கில் மஞ்சளிக்கும், கறுப்பு வார்ப்புக்கு மட்டும் ஆகும்.