முதலில் கூடாரம், அப்புறம் ஒயின்

"முதலில் கூடாரம், அப்புறம்தான் ஒயின்" என்று வழிகாட்டி இரண்டு தடவை சொன்னார். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இருந்து நமீபியா நோக்கிக் கிளம்பிய சுற்றுலா டிரக்கின் முதல் நாள் மாலை அது. பயணிகள் 19 பேர். காலையில்தான் ஒருவரை ஒருவர் பார்த்திருந்தோம், பாதிப் பேரின் பெயர் இன்னும் மனதில் நிற்கவில்லை. என் கூடாரத்தைப் பகிர்ந்துகொள்ள வந்தவர் ஓய்வுபெற்ற செவிலி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்தக் கனமான கேன்வாஸ் துணியை இருவரும் விரித்துக் கம்பிகளை நிறுத்தினோம். மேலுறையை மட்டும் "வானம் தெளிவாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிட்டோம். அந்தத் தப்பு விடிகாலையில்தான் தெரிந்தது.

என்7 நெடுஞ்சாலையில் வடக்கே போகப் போக நிலம் மாறிக்கொண்டே வரும். மாம்ஸ்பரியைச் சுற்றி ஸ்வார்ட்லாந்தின் கோதுமை வயல்கள், அறுவடை முடிந்து வெறும் தாள்களாய் நின்றன. நடுநடுவே பந்தலும் கம்பியும் இல்லாமல் புதர் போல வளர்ந்த திராட்சைக் கொடிகள். பீகனீர்ஸ்க்ளூஃப் கணவாயைத் தாண்டி இறங்கினால் ஒலிஃபன்ட்ஸ் ஆற்றின் பள்ளத்தாக்கு, முதலில் ஆரஞ்சுத் தோப்புகள், பிறகு திராட்சை. ஒலிஃபன்ட்ஸ் என்றால் யானைகள். 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த டச்சுக்காரர்கள் பெரிய யானைக் கூட்டத்தைப் பார்த்து வைத்த பெயர். இன்றைக்கு ஆற்றோரம் யானை கிடையாது. கிளான்வில்லியம் அணைத் தண்ணீர் கால்வாயில் வருகிறது. கால்வாய் எட்டும் வரை பச்சை, அதற்கு ஓர் அடி அப்பால் காய்ந்த புதர்க்காடு. அந்த எல்லைக் கோட்டை டிரக் ஜன்னலில் இருந்து பார்த்ததால்தான், மாலையில் கையில் வந்த ஒயின் எனக்கு வெறும் பானமாகத் தெரியவில்லை. அது அந்தக் கால்வாய்த் தண்ணீர்.

முகாமின் தாழ்வாரத்தில் நீள மேசை. ஆளுக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை, ஒரு தம்ளர் தண்ணீர், நடுவில் துப்புவதற்கு ஒரு வாளி. ஆறு வகை ஒயின், ஒவ்வொன்றும் இரண்டு வாய். வெள்ளை முதலில், சிவப்பு பிறகு, இனிப்பு கடைசியில். இனிப்பை முன்னால் குடித்தால் பிறகு வருவதெல்லாம் புளிப்பாகத்தான் தெரியும் என்பதால் இந்த வரிசை. ஊற்றியவர் பக்கத்துத் திராட்சைப் பண்ணையில் வளர்ந்த பெண். கேப்பில் டச்சுக் குடியேற்றத்தை நிறுவிய ஜான் வான் ரீபெக் அங்கே முதல் திராட்சையைப் பிழிந்தது 1659 பிப்ரவரி 2 என்று, தன் வீட்டில் நடந்த கல்யாணத் தேதியைச் சொல்வது போலச் சொன்னார்.

முதலில் செனின் பிளாங். தென்னாப்பிரிக்காவில் அதிகமாகப் பயிராகும் ஒயின் திராட்சை இதுதான். நெடுங்காலம் இதை ஸ்டீன் என்றே சொல்லிவந்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று 1960களில்தான் உறுதியானது. அடுத்து கொலம்பார்ட். இரண்டும் நன்றாகவே இருந்தன. ஆனால் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது நான்காவது கோப்பைக்கு, பினோடாஜுக்கு.

1925ல் ஸ்டெலன்பாஷில் ஆபிரகாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு திராட்சை வகைகளைக் கலப்பினம் செய்தார். பினோடாஜ் பிறந்தது அப்படித்தான். கிடைத்தது நான்கே விதைகள். தன் வீட்டுத் தோட்டத்தில் அவற்றை நட்டார், பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆளில்லாத தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்த நேரத்தில், அந்தப் பக்கமாக வந்த இளம் விரிவுரையாளர் சார்லி நீஹாஸ் நாற்றுகளைக் காப்பாற்றினார். அவர் வேறு பாதையில் போயிருந்தால் எங்கள் மேசையில் அன்று ஐந்து ஒயின்தான் இருந்திருக்கும். இந்தக் கதையைக் கேட்டபின் எவ்வளவு நிதானமாக அந்த வாயை உறிஞ்சினேன்!

புகை வாசனை முதலில். பிறகு கறுத்துப் பழுத்த பழம். விழுங்கியதும் நாக்கின் இரு ஓரமும் ஈறும் வறண்டு இழுத்துக்கொண்டன. "இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று ஊற்றிய பெண் கேட்டார். மேசையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கசப்பு என்றார் ஒருவர், புளிப்பு என்றார் இன்னொருவர், கம்பளியைக் கடித்த மாதிரி என்றார் என் கூடாரத் தோழி. எனக்கோ தேடவே வேண்டியிருக்கவில்லை. துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாகச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்த சொல். சத்தமாகச் சொன்னேன். இனிப்பையும் உப்பையும் போல எங்கள் மொழியில் இது ஒரு தனிச்சுவை என்று விளக்கினேன். தோழி தன் குறிப்பேட்டில் அதை எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். என் மொழியின் ஒரு சொல் அந்த மேசையில் உடனே வேலைக்கு ஆனதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் பெரியது. அதுவரை அந்தக் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கிக்கொண்டிருந்தவள் நான்.

திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வாயின் வழவழப்பு போய்விடுகிறது. அதனால்தான் அது சுவையை விடத் தொடுகையாகவே உணரப்படுகிறது. ஊற்றிய பெண் இதைச் சொன்னபோது புரிந்த மாதிரி இருந்தது. நிஜமாகப் புரிந்தது ராத்திரிச் சாப்பாட்டில்தான்.

கடைசிக் கோப்பை ஹானபூட், இனிப்பு ஒயின். மஸ்கட் திராட்சையில் ஒரு வகைக்கு அங்கே அந்தப் பெயர். எனக்குத் தேன் அதிகமாகப் பட்டது, பாதியிலேயே வைத்துவிட்டேன். பினோடாஜில் ஒரு பாட்டில் வாங்கிக் காலுறையில் சுருட்டி லாக்கரில் வைத்தேன். எங்கள் ஓட்டுநர் ஒரு வாய்கூடத் தொடவில்லை. மறுநாள் 19 பேரை ஏற்றிக்கொண்டு போக வேண்டியவர், மூலையில் ரூய்போஸ் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்.

இரவுச் சாப்பாடு பொய்கி. மூன்று கால் வைத்த இரும்புப் பானையில் ஆட்டிறைச்சியும் காய்கறியும் கிளறாமல் மெதுவாக வேகும். பலரும் வாங்கிவந்த பாட்டில்களைத் திறந்தார்கள். அதே பினோடாஜ், இப்போது எனாமல் குவளையில். குவளை வாய் அகலமானதால் வாசனை பாதி போய்விட்டது, அது உண்மை. ஆனால் கொழுப்புள்ள கறியோடு குடித்தபோது மாலையில் ஈறை இழுத்த அந்தத் துவர்ப்பு அடங்கி, மெத்தென்று இறங்கியது. டானினுக்கு ஒட்டிக்கொள்ள இப்போது கறி இருக்கிறது, என் வாயை விட்டுவிட்டது. ஏப்ரல் அங்கே இலையுதிர்காலம், இரவில் குளிர் ஏற ஏறத் துவர்ப்பு மறுபடி தலைதூக்கியது. குவளையை நெருப்பருகே கொஞ்ச நேரம் பிடித்தால் தணிந்தது. ஒரே ஒயின், ஒரே ராத்திரியில் மூன்று விதம். தாழ்வாரத்து மேசையில் மட்டும் குடித்திருந்தால் ஒன்றுதான் தெரிந்திருக்கும்.

படுக்கப் போகுமுன் தெற்கே திரிசங்கு நட்சத்திரக் கூட்டம் உயரத்தில் நின்றது. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள், மறுநாள் நாள் முழுக்க டிரக் குலுங்கும். தலையில் கட்டும் விளக்கைத் தலைமாட்டில் வையுங்கள், குடித்த தண்ணீர் நடுராத்திரியில் எழுப்பும். மேலுறையை நிச்சயம் போடுங்கள். பனி இறங்கி எங்கள் உறக்கப்பையின் கால்பக்கம் இரண்டும் ஊறிவிட்டன. தோழி நடுங்கிக்கொண்டு எழுந்தார். அவர் பாடு எனக்கு மனசைச் சங்கடப்படுத்தியது, என் யோசனைதான் அது.

காலையில் பாத்திரம் கழுவியது எங்கள் குழு. தட்டைத் துடைக்கத் துணி கிடையாது, அழுக்குத் துணி 19 வயிற்றையும் கெடுத்துவிடும். வட்டமாக நின்று கையில் இரண்டு தட்டுகளை வைத்துக் காய்கிற வரை விசிற வேண்டும். முந்தின நாள் பேச்சில்லாமல் செய்த வேலை அது. இன்றைக்கு எது மேல், பினோடாஜா, இன்னொரு சிவப்பு ஒயினான ஷிராஸா என்று ஒரே சண்டை. அப்புறம் ரூய்போஸ் வந்தது. பக்கத்து சீடர்பெர்க் மலைச்சரிவில் விளைவது. கறுப்புத் தேநீரைவிட டானின் மிகவும் குறைவு, அதனால் எவ்வளவு நேரம் ஊறினாலும் நாக்கை இழுக்காது.

என் பாட்டில் ஆரஞ்சு ஆற்றங்கரையில் திறந்தது. எதிர்க்கரை நமீபியா. லாக்கரில் சூடேறிக் கிடந்ததை முதலில் ஆற்றுத் தண்ணீரில் அரைமணி நேரம் நிறுத்தி வைத்தோம். தோழி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"துவர்ப்பு" என்றார், பகரத்தை நன்றாக அழுத்தி. "ஆனால் நெருப்பருகே குடித்ததைவிட அதிகம். தண்ணீரில் இருந்து சீக்கிரம் எடுத்திருக்கலாம்."

சரி என்று குவளையை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன்.