சொக்கனின் காதும் ஒரு பிடி நெத்திலியும்

ராத்திரி ரெண்டு மணிக்கு யாரோ பீரோவைத் தட்டுகிற மாதிரி சத்தம். டப் டப் டப். கொஞ்சம் ஓய்ந்து, திரும்பவும் டப் டப். அம்மா எழுந்து லைட்டைப் போட்டால், பீரோவை ஒட்டி உட்கார்ந்து பின்னங்காலால் காதைப் பிறாண்டிக்கொண்டிருக்கிறான் சொக்கன். கால் காதில் ஒரு தடவை, பீரோவில் ஒரு தடவை பட்டுக்கொண்டிருந்தது. செம்பட்டை நிறக் கடுவன், மூன்று வயது. சாமி பேரைப் பூனைக்கு வைத்திருக்கிறேன் என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு என் மேல் இன்னும் வருத்தம் உண்டு.

பூனை என்றால் சொறியத்தான் செய்யும் என்று ரெண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மடியில் போட்டுக் காதை மடித்துப் பார்த்தபோது, உள்ளே காப்பி பில்டரில் டிகாஷன் இறங்கின பிறகு மிஞ்சுமே சக்கை, அதே நிறத்தில், அதே மாதிரி பொடிப்பொடியாக அழுக்கு. லேசாக ஒரு வாடையும். காதுக்குப் பின்னால் முடி உதிர்ந்து நகக்கீறல்.

அன்றே டாக்டரிடம் போயிருக்கலாம். ஆனால் அது சித்திரைத் திருவிழா சமயம். எங்கள் வீடு மதுரை செல்லூரில், பூனைகளைப் பார்க்கிற கிளினிக் தல்லாகுளம் பக்கம். மறுநாள் எதிர்சேவை. அழகர் தல்லாகுளம் வந்து சேர்கிற அன்றைக்கு அந்த ஜனத்துக்குள் ஒரு பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு நுழைய எனக்குத் தைரியமில்லை. ஆட்டோக்காரரும், "அழகர் ஆத்துல எறங்கி மலைக்குத் திரும்பட்டும்மா, அப்புறம் பாப்போம்" என்றார். ஆக ஒரு வாரத்துக்கு மேல் கைவைத்தியம்தான். அந்த வாரத்தில் நான் செய்தவற்றில் பாதி தப்பு.

பெரியம்மா வேப்பெண்ணெய் விடச் சொன்னார். பூனை எதையும் நக்கிவிடும், அந்தக் கசப்பு வாய்க்குள் போனால் நுரை தள்ளும் என்று பயந்து அதை விடவில்லை. அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன். அழுக்கு கொஞ்சம் இளகி வந்தது. ஆனால் சொறிச்சல் நிற்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். பட்ஸை எடுத்துக் காதுக்குள் விட்டுச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று குடைந்தேன். பூனையின் காதுக்குழாய் நேராகக் கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கமாக வளைகிறதாம். பட்ஸ் மேலே இருக்கிற அழுக்கை அந்த வளைவுக்குள் திணித்துவிடும். நான் திணித்ததை வெளியே எடுக்க டாக்டருக்கு நேரம் பிடித்தது.

இன்னொரு தப்பிலிருந்து மயிரிழையில் தப்பினேன். பிராணிகளுக்கான பொருள் விற்கிற ஒரு கடையில் காதுப் பூச்சி என்று சொன்னதும், நாய்க்கு உண்ணி போகப் பிடரியில் விடுகிற மருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்து, "பூனைக்குப் பாதி போடுங்க, போதும்" என்றார்கள். அட்டையில் பெர்மெத்ரின் என்று போட்டிருந்தது. தம்பி போனில் தேடிப் பார்த்துவிட்டு அதைத் தூக்கிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். பெர்மெத்ரினை நாய் தாங்கும், பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. நடுக்கமும் வலிப்பும் வந்து செத்துப்போகலாம். பாதி, கால் என்கிற கணக்கெல்லாம் இதில் கிடையாது. வலிக்கிறதே என்று மனுசனுக்குப் போடுகிற பாராசிட்டமாலைப் பொடித்துக் கொடுப்பதும் அப்படித்தான், ஒரு மாத்திரையே பூனையின் உயிரை எடுத்துவிடும்.

கூட்டம் கலைந்த பிறகு கிளம்பினோம். வயர் கூடைக்குள் தலையணை உறை, தலையணை உறைக்குள் சொக்கன். தலை மட்டும் வெளியே. இந்த யோசனை அம்மாவுடையது, வழியெல்லாம் கத்தினானே தவிரத் தாவவில்லை.

டாக்டரம்மா முதலில் குழல் வைத்த விளக்கால் காதுக்குள் பார்த்தார். செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று தெரியாமல் எந்தச் சொட்டு மருந்தும் விடக்கூடாதாம், சில மருந்துகள் உட்காதுக்குள் போனால் காது கேட்காமலே போகும். பிறகு அந்த டிகாஷன் சக்கையில் துளி எடுத்து, கண்ணாடித் துண்டில் எண்ணெய்ச் சொட்டோடு கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். "வந்து பாருங்க" என்றார். எட்டுக்கால் வைத்த கண்ணாடி மாதிரி ஜந்து ஒன்று பையப் பைய நடந்து போனது. எனக்கே காது அரிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

காது உண்ணி. நம் கண்ணுக்கு மிஞ்சினால் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், கறுப்புக் காகிதத்தில் அழுக்கைத் தட்டி விளக்கடியில் பார்த்தால் புள்ளி நகருமாம். பூனைக்குப் பூனை, பூனையிலிருந்து நாய்க்கு என்று ஒட்டிப் படுக்கும்போது தாவிவிடும். மனுசர்களிடம் தங்குவது அபூர்வம். எல்லாக் காதுச் சொறிச்சலும் உண்ணியால் வருவதில்லை என்பதையும் டாக்டர் சொன்னார். பூஞ்சை, பாக்டீரியா, தீனி ஒவ்வாமை, காதுக்குள் சதை வளர்ச்சி என்று பல காரணங்கள் உண்டு. அதனால்தான் அழுக்கை எடுத்துப் பார்க்காமல் மருந்து எழுதக்கூடாது என்றார். சொக்கனுக்கு உண்ணியோடு பூஞ்சையும் சேர்ந்திருந்தது.

காதைக் கழுவிவிட்டு, பிடரியில் முடியை விலக்கிச் செலமெக்டின் என்கிற உண்ணி மருந்து ஒரு குழாய் விட்டார். பூனைக்கென்றே எடைக்குத் தகுந்த அளவில் வருவது. முப்பது நாள் கழித்து இன்னொன்று. பூஞ்சைக்குக் காதுச் சொட்டு மருந்து, பத்து நாள், ரெண்டு வேளை. கடைசியாகக் கேட்டார்: "வீட்ல வேற பூனை இருக்கா?"

"ஒண்ணு இருக்கு டாக்டர். ஆனா அது சொறியறதே இல்ல."

"சொறியலைனாலும் அதுக்கும் போடணும்மா."

தலையை ஆட்டிவிட்டு ஒரே ஒரு குழாயோடு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கே ஆயிரத்துக்கு மேல் செலவாகியிருந்தது, நன்றாக இருக்கிற குட்டைக்கு எதற்கு என்று நினைத்தேன். குட்டை என்பது வால் பாதியான எங்கள் பெட்டைப் பூனை.

சொட்டு மருந்து விடுவதுதான் பெரிய வேலை. முதல் நாள் என் முழங்கையில் மூன்று கோடு. அப்புறம் முறை பிடிபட்டது. மருந்துப் பாட்டிலை முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன், சில்லென்று விழுந்தால் அவன் துள்ளுவான். அப்பாவின் பழைய வேட்டியில் கழுத்து மட்டும் தெரிகிற மாதிரி கைப்பிள்ளையைச் சுற்றுவதுபோல் இறுக்கிச் சுற்றித் தம்பி பிடித்துக்கொள்வான். நான் காது நுனியை மேலே தூக்கிச் சொட்டு விட்டு, காதடியைக் கட்டைவிரலால் பிசைவேன். சளக் சளக் என்று சத்தம் வந்தால் மருந்து உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். பிசைந்து முடித்துவிட்டால் அவன் தலையை உதறுவான், சுவரெல்லாம் தெறிக்கும். உதறட்டும், அழுக்கு அப்படித்தான் மேலே வரும். வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடைத்தால் போதும். உடனே ஒரு பிடி நெத்திலிக் கருவாடு. நாலாம் நாளிலிருந்து வேட்டியைப் பார்த்ததும் ஓடுவான், கருவாட்டு டப்பா திறக்கிற சத்தம் கேட்டுத் திரும்பி வருவான்.

எட்டாம் நாள் பீரோ சத்தம் நின்றது. சொட்டு மருந்தை நானாகவே நிறுத்தினேன். முப்பதாம் நாள் வந்தது, போனது. சொறியாத பூனைக்கு எதற்கு ரெண்டாவது குழாய்?

ஆறாவது வாரம், வைகாசி முடிகிற சமயம், மறுபடி டப் டப். இந்தத் தடவை முன்னைவிட வெறியாக. ரெண்டே நாளில் அவன் இடது காது மடல் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது, தொட்டால் மெத்தென்று, சூடாக. சொறிந்த வேகத்தில் மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருந்தது. மயக்கம் கொடுத்து ரத்தத்தை வடித்துத் தையல் போட்டார்கள். கழுத்தில் புனல் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு ரெண்டு வாரம் கதவு நிலையெல்லாம் முட்டிக்கொண்டு திரிந்தான். முதல் தடவை மிச்சம் பிடித்த காசைப்போல் பல மடங்கு போனது.

குட்டையையும் கொண்டுபோயிருந்தேன். ஒரு தடவைகூடச் சொறியாத அவள் காதிலும் அதே சக்கை. சில பூனைகளுக்கு உண்ணி இருந்தும் அரிப்பே தெரியாதாம். ராத்திரி ரெண்டும் ஒரே சாக்கில் சுருண்டு படுக்கிறவை, முதல் குழாயின் வீரியம் குறைந்ததும் அவளிடமிருந்து இவனுக்கு வந்துவிட்டது. டாக்டர் திட்டவில்லை, ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். முட்டை பொரிய நாலு நாள் போல. பொரிந்தது முட்டையிடுகிற பருவத்துக்கு வர ஏறக்குறைய மூன்று வாரம். வளர்ந்த உண்ணி ரெண்டு மாதம்வரை இருக்கும். சொறிச்சல் நின்ற நாளைப் பார்த்து மருந்தை நிறுத்துகிறவர்கள் எல்லோரும் இப்படித் திரும்பி வருவார்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து தினசரிக் காலண்டரில் தேதிகளை முன்கூட்டியே புரட்டிச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். ரெண்டு பூனைக்கும் ஒரே நாளில் மருந்து. படுக்கிற சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, போர்வைகளைக் கொதிக்கிற தண்ணீரில் அலசி மாடி வெயிலில் போட்டோம். மதுரை வெயிலுக்கு இப்படியாவது ஒரு உபயோகம். சொக்கனின் பின்னங்கால் நகத்தையும் நுனி மட்டும் வெட்டிவிட்டோம்.

அப்போதுதான் தம்பி கேட்டான், "அக்கா, மொட்ட மாடி வெள்ளையன்?"

யாருடையது என்று தெரியாத வெள்ளைக் கடுவன். சாயங்காலம் மாடிக்கு வந்து சொக்கனோடு சண்டை போடும், குட்டையோடு ஒட்டி உட்காரும். சித்திரைக்கு முன்னால் அதுவும் தலையை உதறிக்கொண்டு திரிந்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. போட்டோ காட்டி டாக்டரிடம் தோராய எடை சொல்லிக் குழாய் வாங்கினேன். தொட விடாது. அஞ்சு நாள் அது தின்னும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன். ஆறாம் நாள், தலையைத் தட்டுக்குள் கவிழ்த்து நெத்திலியை நொறுக்குகிற நேரம் பார்த்து, பிடரியில் ஒரே அழுத்து. சீறிவிட்டு மதில் ஏறிப் போய்விட்டது.

ரெண்டாவது வட்டம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது சொக்கன், குட்டை ரெண்டு பேர் காதும் சுத்தம். சொக்கனின் இடது காது மட்டும் நுனியில் லேசாகச் சுருங்கியே நின்றுவிட்டது. வெள்ளையனுக்கு அடுத்த வட்டம் வருகிற வெள்ளிக்கிழமை. மருந்து போட்ட அன்றிலிருந்து, நான் மாடியில் இருந்தால் அது மதிலைவிட்டு இறங்குவதில்லை, அதனால் இப்போது தட்டு வைக்கிற வேலை தம்பிக்கு.