அம்மாவின் ஜூலை மாத பில்: ஒரு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காலையில் குறுக்குத்துறைக்குப் போய்த் தாமிரபரணியில் குளித்துவிட்டு வீடு திரும்பியபோது, அம்மா கைப்பேசியை மடியில் வைத்தபடி திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஜூலை மாத கைப்பேசி பில் குறுஞ்செய்தியாக வந்திருந்தது. மாதம் 399 ரூபாய் கட்டணமும் அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்து 470 ரூபாய் 82 காசு வரும். இந்தத் திட்டத்துக்கு மாறிய நாளிலிருந்து அதில் ஒரு காசு கூடியதில்லை. இன்று வந்திருப்பது 10,666 ரூபாய் 2 காசு. நான் வருவதற்கு முன்பே அம்மா அந்தத் தொகையைத் தம் கணக்கு நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார்கள்.

"எய்யா, நான் ஏதும் தெரியாம அமுக்கிட்டனோ?" என்று கேட்டார்கள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், அப்பா இறந்த பிறகு வீட்டு வரவு செலவு முழுவதையும் தாமே பார்த்துக்கொள்கிறவர்கள், அவ்வளவு தாழ்ந்த குரலில் அப்படிக் கேட்டது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. ஓய்வூதியத்தில் வாழ்கிற ஒருவருக்குப் பத்தாயிரம் பெரிய தொகைதான். ஆனால் இந்தப் பணம் எந்த வழியில் சேர்ந்தது என்பது தெரியும்வரை பழி அவர்கள் மேல் விழக்கூடாது. அதற்காகவே நடப்பதை நாள்வாரியாக எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கஸ்டமர் கேரை அழைத்தோம். இணைப்பு அம்மா பெயரில் இருப்பதால் அவர்கள்தாம் பேச வேண்டும் என்றார்கள்; நான் பக்கத்தில் அமர்ந்து குறிப்பெடுத்தேன். "வெளிநாட்டு ரோமிங்கில் டேட்டா பயன்படுத்தியிருக்கிறீர்கள், அதற்கு 8,640 ரூபாய்" என்றது மறுமுனை. எந்த நாடு என்று அம்மா கேட்டதற்கு இலங்கை என்று பதில் வந்தது. "நான் இலங்கைக்குப் போனதே இல்லையேம்மா" என்று அம்மா சொன்னதும், கணினியில் அப்படித்தான் காட்டுகிறது என்று அந்தப் பெண் பேச்சை முடிக்கப் பார்த்தார். புகாராகப் பதிவு செய்து எண் கொடுக்கும்படி நான் அம்மாவிடம் எழுதிக் காட்டினேன். அம்மா அதையே மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அதே பொறுமையுடன், கேட்டுப் பெற்றார்கள். புகார் எண் குறுஞ்செய்தியாகவும் வந்துவிட்டது. அந்த எண் இல்லாவிட்டால் நாம் பேசியதற்கே சாட்சி இல்லை. விவரப் பட்டியலுடன் கூடிய பில்லையும் கேட்டிருக்கிறோம்.

ஆகஸ்ட் 6, புதன்

விவரப் பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. இரவு பதினொரு மணிவரை அதை வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஜூலை 24, வியாழக்கிழமை, பகல் 11.52 முதல் 12.31 வரை, ஓர் இலங்கை நிறுவனத்தின் நெட்வொர்க்கில், பத்து கேபி ஒரு அலகாக 1,600 அலகுகள், அலகுக்கு 5 ரூபாய் 40 காசு. மொத்தம் ஏறத்தாழ 16 எம்பி. வாட்ஸ்அப்பில் சில படங்கள் தாமாக ஏறி இறங்கினாலே அவ்வளவு ஆகிவிடும்.

ஜூலை 24 ஆடி அமாவாசை. வழக்கமாக நாங்கள் பாபநாசத்துக்குத்தான் போவோம். அப்பா இறந்து ஓராண்டு நிறைந்த பிறகு வந்த முதல் ஆடி அமாவாசை என்பதால் இந்த ஆண்டு ராமேசுவரம் போனோம். அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் கொடுத்து, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு, வண்டியிலேயே தனுஷ்கோடிக்கும் போய் வந்தோம். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் நின்றிருந்த அந்த முக்கால் மணி நேரம்தான் பட்டியலில் இருக்கிறது.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல் இருக்கிறது. கைப்பேசிக்கு எல்லைக்கோடு தெரியாது. எந்தக் கோபுரத்தின் அலை கிடைக்கிறதோ, எதில் சேர அதற்கு அனுமதி இருக்கிறதோ, அதில் சேர்ந்துகொள்ளும். தரையில் அலையை மறிக்கிற கட்டடமும் மேடும் கடல்மேல் இல்லை என்பதாலும், வெயில் நேரத்தில் நீருக்கு மேலே உள்ள காற்றடுக்குகளின் சூடும் ஈரமும் மாறுபடும்போது அலை வளைந்து மேலும் தொலைவு போகும் என்பதாலும், அக்கரைக் கோபுரத்தின் அலை இக்கரைக்கு எட்டிவிடுகிறது. தனுஷ்கோடிக்குப் போனவர்கள் பலருக்கு "இலங்கைக்கு நல்வரவு" என்ற குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அம்மாவின் கைப்பேசியிலும் ஆங்கிலத்தில் அப்படி ஒன்று கிடந்தது. விளம்பரம் என்று எண்ணி விட்டுவிட்டார்கள்.

இதில் எங்கள் பக்கத்துக் குறையையும் எழுதத்தான் வேண்டும். 2023இல் தங்கை வீட்டுக்குச் சிங்கப்பூர் போனபோது ரோமிங் வசதியைக் கேட்டுப் பெற்றோம். திரும்பி வந்த பிறகு அதை நிறுத்தச் சொல்லவில்லை. கைப்பேசியில் டேட்டா ரோமிங்கையும் அணைக்கவில்லை. அணைத்திருக்க வேண்டியவன் நான், அம்மா அல்ல.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வண்ணார்பேட்டை ஷோரூமுக்கு இருவரும் போனோம். அம்மாவின் பாஸ்போர்ட் நகலைக் கொண்டுபோயிருந்தோம். அதில் கடைசியாக விழுந்த முத்திரை 2023இல் திருச்சி விமான நிலையத்தில் இறங்கியபோது போட்டது. அதைவிட வலுவான சான்று நான் எடுத்த படம். அரிச்சல்முனையில் சாலை முடிகிற இடத்தில் நான்முகச் சிங்கம் தாங்கிய தூண் இருக்கிறது. அதன் முன்னால் அம்மா நிற்கிறார்கள். படத்தின் விவரத்தில் நேரம் 12.07. இலங்கைக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றே என்பதால் பட்டியலின் நேரத்தையும் படத்தின் நேரத்தையும் அப்படியே ஒப்பிடலாம். இலங்கையில் இருந்ததாக பில் சொல்கிற அதே நிமிடத்தில் அவர்கள் நம் நாட்டுச் சின்னத்தின் நிழலில் நின்றிருக்கிறார்கள்.

இதைக் காட்டியதும் அங்கிருந்த இளைஞர் உண்மையாகவே வியந்துபோனார். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, "ஆச்சி, உங்களுக்காகப் பாதியைக் குறைச்சுத் தரச் சொல்லியிருக்காங்க, மீதியை இன்னைக்கே கட்டிருங்க" என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்றே நம்புகிறேன். நான் சற்றுத் தடுமாறினேன். அலைச்சல் முடிந்துவிடுமே என்ற எண்ணம் வந்தது. அம்மாதான், "தப்பு என்னுதுன்னா முழுசும் கட்டுதேன். இல்லேன்னா பாதி எதுக்கு?" என்று கேட்டார்கள். அவரிடம் அதற்குப் பதில் இல்லை. பணம் தர மறுத்ததை அம்மாவின் கையெழுத்திலேயே எழுதி, நகலில் ஷோரூம் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மறுப்பு இல்லாத 470 ரூபாய் 82 காசை மட்டும் கட்டிவிட்டோம். அதையும் நிறுத்தியிருந்தால் கட்டணம் செலுத்தாதவர் என்று இணைப்பைத் துண்டிக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். ஏன் இந்தத் தொகை மட்டும் என்பதை மின்னஞ்சலிலும் எழுதினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

"கட்டணங்கள் சரியானவை என உறுதி செய்யப்பட்டது, புகார் முடிக்கப்பட்டது." இவ்வளவுதான் பதில். படத்தைப் பற்றியோ பாஸ்போர்ட்டைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கும் பள்ளித் தோழரைப் பாளையங்கோட்டையில் அவருடைய அலுவலகத்தில் பார்த்தேன். இனிச் செய்ய வேண்டியதை வரிசையாக விளக்கினார். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், தனி மனிதர்களின் புகாரைத் தானே எடுத்து விசாரிப்பதில்லை. ஆனால் அது 2012இல் வகுத்த விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் தனக்குள் ஒரு மேல்முறையீட்டு அமைப்பை வைத்திருக்க வேண்டும். புகாருக்கு வந்த பதில் நிறைவு தராவிட்டால் 30 நாளுக்குள் அங்கே முறையிடலாம், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அங்கும் நீதி கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. தொலைபேசி பில் வழக்குகளுக்கு அந்த வாசல் நெடுங்காலம் மூடியிருந்தது என்பதை இன்றுதான் அறிந்தேன். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவு நடுவர் தீர்ப்பைச் சொல்வதால் நுகர்வோர் மன்றம் தலையிட முடியாது என்று 2009இல் உச்ச நீதிமன்றமே கூறியிருந்தது. 2022 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நுகர்வோர் மன்றத்துக்குப் போக உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கும் பில் வழக்குதான்: மாதம் சராசரியாக 555 ரூபாய் கட்டி வந்த ஒருவருக்கு 2013இல் ஒரே மாதத்தில் 24,609 ரூபாய் 51 காசு வந்திருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னபோது, தொகை எவ்வளவு என்று மறுபடியும் கேட்டு நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்கள்.

மேல்முறையீட்டை இரவே எழுதி அனுப்பினேன். இரண்டு வாதங்களை முன்வைத்தேன். ஒன்று, சேவை பெற்ற இடம் இந்திய மண். மற்றொன்று, போஸ்ட்பெய்டு வாடிக்கையாளரின் செலவு அவருக்குரிய கடன் வரம்பில் 80 விழுக்காட்டைத் தொடும்போதே தெரிவிக்க வேண்டும் என்று ட்ராய் ஆணையிட்டிருக்கிறது. அம்மாவின் வரம்பு 2,000 ரூபாய் என்று பில்லிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நாற்பது நிமிடத்துக்குள் அந்த வரம்பைப் போல நான்கு மடங்கு ஏறியிருக்கிறது. ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. 1,600 ரூபாயில் ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தால் அருகில் நின்ற நான் அப்போதே அணைத்திருப்பேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பகலில் நான் வேலைக்குப் போயிருந்தபோது, வசூல் பிரிவிலிருந்து யாரோ அம்மாவை அழைத்து, பாக்கி வைத்தால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று கடிந்து பேசியிருக்கிறார். அம்மா புகார் எண்ணையும் மேல்முறையீட்டு எண்ணையும் நோட்டைப் பார்த்துப் படித்துச் சொன்னார்களாம். அவர் எழுதிக்கொள்ளவே இல்லையாம். மாலையில் சாப்பிடும்போது, "அப்பா இருந்தா இந்தப் போனே வேண்டாம்னு சொல்லிருப்பா" என்றார்கள். எனக்குக் கோபத்தை அடக்க முடியவில்லை. விசாரணையில் இருக்கும் தொகைக்காக எழுபத்தொரு வயதுப் பெண்ணை மிரட்டுவது எந்த வகையில் நியாயம் என்று கேட்டு, அழைப்பு வந்த நேரத்தையும் எண்ணையும் குறிப்பிட்டு, மேல்முறையீட்டுடன் இணைக்கும்படி எழுதினேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்திருக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

முடிவு வந்துவிட்டது. வாடிக்கையாளர் இந்தியாவில் இருந்ததும், வரம்பு குறித்த எச்சரிக்கை அனுப்பியதற்குப் பதிவு இல்லாததும் காரணமாகக் காட்டி, ரோமிங் கட்டணம் முழுவதையும் நீக்க உத்தரவிட்டிருக்கிறார்கள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்கள். "எச்சரிக்கை அனுப்பியதற்குப் பதிவு இல்லை" என்ற வரியை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள்.

அம்மாவின் இணைப்பில் வெளிநாட்டு ரோமிங்கை இன்றே நிறுத்தியாயிற்று.

அக்டோபர் 3, வெள்ளி

புதிய பில். 8,640 ரூபாயைக் கழித்திருக்கிறார்கள். ஆனாலும் பாக்கி என்று 1,555 ரூபாய் 20 காசு நிற்கிறது. அம்மாதான் கண்டுபிடித்தார்கள்: அது அந்த 8,640க்கு உரிய 18 விழுக்காடு ஜிஎஸ்டி. நீக்கிவிட்ட கட்டணத்துக்கு வரி எப்படி நிற்க முடியும்? மறுபடி அழைத்தோம், மறுபடி ஒரு புகார் எண்.

அக்டோபர் 10, வெள்ளி

1,555 ரூபாய் 20 காசும் கழிந்துவிட்டது. பாக்கி, நடப்பு மாதத்தின் 470 ரூபாய் 82 காசு மட்டும். அம்மா ஆகஸ்ட் 3ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டி, அந்தக் கேள்விக்குறியின் மேல் கோடு போட்டுவிட்டு, பில்லைக் கட்ட என்னை வரச் சொல்லாமல் தாமே கட்டினார்கள்.