பக்கவாதம் வந்தவரிடம் கேள்வித்தாளோடு உட்காரும் முன்

பிசியோதெரபி முதுநிலையில் என் ஆய்வேடு, பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர்களின் வாழ்க்கைத் தரம் பற்றியது. இதே தலைப்பை எடுக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பார்த்தெல் இன்டெக்ஸை மட்டும் நம்பி இறங்காதீர்கள். சாப்பிடுவது, குளிப்பது, படியேறுவது என்று அன்றாட வேலைகளுக்கு மதிப்பெண் போட்டு 100 வரை கொடுக்கும், அவ்வளவுதான். 100க்கு 100 வாங்கிய ஒரு பெரியவர், பேச்சு குழறுகிறதே என்று டீக்கடைப் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தார். அது அந்த 100இல் எங்கே தெரிகிறது?

நான் எடுத்தது எஸ்எஸ்-கியூஓஎல், பக்கவாதம் வந்தவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்கவென்றே 1999இல் வந்த கேள்வித்தாள். 49 கேள்விகள், 12 பிரிவுகள். நடை, கை, பார்வையோடு மனநிலை, பேச்சு, சோர்வு, குடும்பத்தில் தன் இடம் எல்லாவற்றையும் கேட்கும். கேள்விக்கு 1 முதல் 5, மொத்தம் 49 முதல் 245, கூடக் கூட நல்லது. மொத்தத்தோடு நிறுத்தாமல் பிரிவுவாரியாகவும் எழுதுங்கள், ஏனென்றால் நடையில் நிறைய வாங்கியவர் மனநிலையில் அடிமட்டத்தில் இருப்பார், கூட்டினால் இரண்டும் மறைந்துவிடும்.

கை பற்றிய பிரிவில் சாக்ஸ் போடுவது, ஜிப் இழுப்பது எல்லாம் வரும். "வேட்டி கட்டுறவன்கிட்ட ஜிப்பைக் கேக்குறியேம்மா" என்றார் ஒரு தாத்தா. நியாயம்தான், ஆனாலும் நீங்களாகக் கேள்வியை மாற்றாதீர்கள், மாற்றினால் அது வேறு அளவுகோல். தமிழாக்கி, அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிட்டு, நம் நோயாளிகளிடம் சோதித்த வடிவம்தான் வேண்டும். வைவாவில் இதைக் குடைந்து கேட்டார்கள்.

அடுத்து சொல்வதுதான் எனக்கு முக்கியம். முதல் பத்துப் பேரை உறவினரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டேன். 'குடும்பத்துக்குப் பாரமாக இருப்பதாக உணர்ந்தேன்' என்ற வரி வந்ததும் ஒருவரின் மனைவி முந்திக்கொண்டு, "அதெல்லாம் இல்லைங்க" என்றார். அவரும் தலையாட்டினார். அந்த அம்மா மருந்து வாங்கப் போனதும் அதே வரியைத் திரும்ப வாசித்தேன், அழுதுவிட்டார். பத்துப் பேரையும் மறுபடி தனியாகக் கேட்டேன். தாம்பத்தியம் பற்றியும் ஒரு கேள்வி உண்டு, தனிமை இல்லாமல் அதைக் கேட்கவே முடியாது. நோயாளிக்குப் பதிலாக உறவினரே சொல்வதும் வேண்டாம், பெரும்பாலும் நோயாளி சொல்வதைவிட மோசமாகவே மதிப்பிடுவார்கள்.

பேச்சிழந்தவர்களைச் சேர்க்காமல் விடுவது சுலபம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அப்புறம் உங்கள் முடிவு பேச முடிந்தவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். அவர்களுக்கென்றே எஸ்ஏகியூஓஎல்-39 என்ற கேள்வித்தாள் இருக்கிறது. விடைகளைப் பெரிய எழுத்தில் காட்டி, விரலால் தொடச் சொல்லி, அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.

உடற்பயிற்சி முடிந்த கையோடு உட்கார வைக்காதீர்கள், பாதியில் களைத்துப்போவார்கள். கேள்விகள் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை என்பதால் இரண்டாகப் பிரித்தாலும் அதே நாளில் முடித்துவிடுங்கள். மனநிலைப் பிரிவில் யாராவது மிகக் குறைவாக வாங்கினால், தாளைக் கோப்பில் வைக்கும் முன்னே அவருடைய மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.