சாட்சிக் கையெழுத்து: எம்பிஎச் ஃபீல்ட் நாட்குறிப்பு

ஜூலை 8, 2024, திங்கள்

எம்பிஎச், அதாவது பொது சுகாதார முதுகலைப் படிப்புல ரெண்டாவது வருஷம் ஆரம்பிச்சிருச்சு. தீசிஸ் தலைப்பும் ஓகே. ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்குற பொண்ணுங்களுக்கு நீர்க்கடுப்பும் நெஞ்சு எளைப்பும் எவ்வளவு இருக்கு, எதனால வருதுன்னு பாக்கறது. எத்திக்ஸ் கமிட்டி ரெண்டு தடவ திருப்பி அனுப்பி மூணாவது தடவதான் ஒத்துக்கிட்டாங்க.

இன்னிக்கு மனித உரிமை பேப்பரோட மொத கிளாஸ். மேடம் ஜோனதன் மான் பத்திச் சொன்னாங்க. உலக சுகாதார நிறுவனத்துல எய்ட்ஸ் திட்டத்த நடத்தினவர், அப்புறம் 1993ல ஹார்வர்டுல உடல்நலத்துக்கும் மனித உரிமைக்கும்னே ஒரு மையம் ஆரம்பிச்சப்ப அதுக்குத் தலைமை. அங்க பொது சுகாதாரம் படிச்சு முடிக்கிறவங்களுக்கு டிகிரியோட சேத்து 1948 மனித உரிமைப் பிரகடனத்தையும் கையில குடுக்கற வழக்கத்தக் கொண்டு வந்தாராம். 1998ல விமான விபத்துல போயிட்டாரு. ஒருத்தர ஒதுக்கி வெச்சா அவர் டெஸ்டுக்கே வரமாட்டார், அப்ப நோய் இன்னும் பரவத்தான் செய்யும், அதனால உரிமையக் காப்பாத்தறதே வைத்தியத்துல ஒரு பாதிங்கறதுதான் அவர் சொன்னது.

எனக்கு உடனே நாமக்கல்தான் ஞாபகம் வந்துச்சு. லாரி ஓட்டிட்டிருந்த ஒருத்தர், எய்ட்ஸுன்னு ஊரே ஒதுக்கி வெச்சவர், எங்க பெரியம்மா வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி. அவருக்குன்னு ஒரு தட்டு, ஒரு டம்ளர் தனியாத் திண்ணை மூலைல கவுத்து வெச்சிருப்பாங்க. அதத் தொட்டுட்டேன்னு சின்னதுல நான் அடி வாங்கிருக்கேன். அவரு கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே இல்ல.

ஜூலை 11, வியாழன்

மொத நாள் ஃபீல்ட். காலைல ஏழு மணி பஸ்ஸு, மில்லுக்குள்ள போறப்ப ஒம்போதரை. ஹாஸ்டல் வார்டன் ரொம்ப அன்பா காபியெல்லாம் குடுத்து, டைனிங் ஹால்ல டேபிள் போட்டு, அரை நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்கி எந்திரிச்ச புள்ளைங்கள வரிசையா உக்கார வெச்சுட்டாங்க. பாதிக்கு மேல ஒடிசா, ஜார்க்கண்ட் புள்ளைங்க. "கேளுங்க மேடம், எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டு பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்துட்டாங்க.

ஒரே நாள்ல 38 ஃபார்ம். எல்லாத்துலயும் எரிச்சல் இல்ல, இருமல் இல்ல, தண்ணி போதும், பாத்ரூம் நல்லாருக்கு. மொத பத்து ஃபார்ம் வரைக்கும் வேகமா முடியுதேன்னு சந்தோசமாத்தான் இருந்துச்சு, அதுக்கப்புறம் வயித்துல என்னமோ பண்ண ஆரம்பிச்சிருச்சு.

ஜூலை 12, வெள்ளி

மேடம் ஃபார்ம் கட்ட வாங்கி சம்மதக் கையெழுத்து இருக்கற மொத பக்கத்த மட்டும் பொரட்டினாங்க. எழுதத் தெரியாதவங்க கைநாட்டு வெச்சா பக்கத்துல சம்பந்தமில்லாத ஒருத்தர் சாட்சியா இருக்கணும், விஷயத்த முழுசா வாசிச்சுக் காட்டினாங்க, அவங்களா ஒத்துக்கிட்டாங்கன்னு கையெழுத்துப் போடணும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்ல இருக்கறதுதான், நான் பரீட்சைல பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கினதுதான். 38 ஃபார்ம்லயும் சாட்சி எடத்துல ஒரே பச்சை மை, ஒரே கையெழுத்து. வார்டனோடது. நாந்தான் பேனாவ நீட்டினேன்.

"கேட்டு சாவி யார்கிட்ட இருக்கு?"ன்னாங்க மேடம். வார்டன்கிட்டன்னேன். "லீவு சொல்றது, போன் குடுக்கறது?" அதுவும் அவங்கதான். அதுக்கு மேல எதுவும் கேக்கல. 38ம் வேண்டாம், கமிட்டிக்கு நடந்தத அப்படியே எழுதிக் குடு, மாத்துத் திட்டத்தோட வான்னுட்டாங்க. பஸ்ல வர்றப்ப கண்ணத் தொடச்சுக்கிட்டே வந்தேன். வேஸ்டாப் போன ஒரு நாளுக்காக இல்ல. தூக்கம் கலைஞ்சு கண்ணு செவந்து உக்காந்திருந்த அந்தப் புள்ளைங்க, வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு வழி கூட இல்லாம என் கேள்விக்கெல்லாம் தலையாட்டுச்சுங்க, நானும் அத சம்மதம்னு எழுதிட்டு வந்துட்டேன்.

ஜூலை 22, திங்கள்

கமிட்டிக்கு எழுதியாச்சு. மில்லுக்குள்ள வேண்டாம், வாரம் ஒரு தடவ வெளிய விடறப்ப பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ரூம் எடுத்து அங்க வெச்சுப் பேசறதுன்னு மாத்திருக்கோம். பதில் வரணும்.

இன்னிக்கு கிளாஸ்ல பொருளாதார சமூக உரிமை உடன்படிக்கை. 1966ல வந்தது, இந்தியா 1979ல சேந்துச்சு. உடல்நல உரிமையப் பத்தின அதோட 12வது பிரிவுக்கு 2000ல குடுத்த விளக்கத்துல நாலு அளவுகோல் இருக்கு. வசதி இருக்கணும், எட்டற மாதிரி இருக்கணும், மனசு ஒப்புற மாதிரி இருக்கணும், தரமா இருக்கணும். மேடம் ஒரு பாத்ரூம மட்டும் வெச்சே ஒரு மணி நேரம் பேசினாங்க. பாத்ரூம் இருக்கு, ஆனா போறதுக்கு ஷிப்டுக்கு ரெண்டு டோக்கன்தான்னா அது எட்டல. தாழ்ப்பா இல்லைன்னா எந்தப் பொண்ணுக்கு மனசு ஒப்பும், தண்ணி வராட்டி எங்க தரம்? வார்டுல நாலு வருஷம் வேலை பாத்திருக்கேன், நீர்க்கடுப்புன்னு வந்த பொண்ணுங்களுக்கெல்லாம் "தண்ணி நெறையக் குடிக்கணும்மா"ன்னு சொல்லி மாத்திரை குடுத்து அனுப்பிருக்கேன், ஒருத்திகிட்டக் கூட "குடிச்சா போறதுக்கு விடுவாங்களா"ன்னு கேட்டதில்ல.

சாயந்தரம் லைப்ரரில ஃபேக்டரி சட்டத்த எடுத்து வாசிச்சேன். அதுவும் மனித உரிமைப் பிரகடனம் வந்த அதே 1948தான். 18வது பிரிவுல, குடிதண்ணி வெக்கிற எடத்துல "குடிதண்ணீர்"னு பெரும்பாலான தொழிலாளிங்களுக்குப் புரியற பாஷைல எழுதி வெக்கணும்னு இருக்கு. நின்னுக்கிட்டே வேலை செய்யறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு 44வது பிரிவு. நம்மூர் ஜவுளிக்கடைல நாளெல்லாம் நிக்கிற புள்ளைங்களுக்கு அந்த உட்காரும் உரிமை 2021ல தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்த திருத்தினப்பதான் வந்துச்சு, நடுவுல எத்தன வருஷம் பாருங்க, எத்தன பேரு கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. ஒரு தண்ணித் தொட்டிக்கே புரியற பாஷைல எழுதணும்னு சட்டம் சொல்லுது, நான் கொண்டு போன கன்சென்ட் ஃபார்ம் தமிழ்ல மட்டும் இருந்துச்சு. பெருந்துறை சிப்காட்ல வேலை பாக்குற ஒடிசாக்காரர் ஒருத்தர் மூலமா ஒடியால எழுதி வாங்கறதுக்குச் சொல்லிருக்கேன். இன்னொருத்தர் அதத் திரும்பத் தமிழ்ல சொல்லணும், அப்பத்தான் சரியா வந்திருக்கான்னு தெரியும்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடி பதினெட்டுன்னு ஊருக்கு வந்தேன். காங்கயத்துல எறங்கி டவுன் பஸ் புடிச்சு வீட்டுக்கு வர்றதுக்குள்ள தோட்டத்து வேம்புல தூரி கட்டிருந்தாங்க. மத்தியானம் பணியாரம் சுட்டுட்டு அம்மா திண்ணைல உக்காந்திருந்துச்சு. அம்மா கல்யாணத்துக்கு முன்னாடியும் அப்புறமுமா 11 வருஷம் மில்லுல ரிங் ஃபிரேம்ங்கற நூல் நூக்குற மெஷின் பாத்துது. சாம்பிள்ல வராது, ஆனா கேள்வி பேச்சு வழக்குல புரியுதான்னு பாக்கலாம்னு வாசிச்சுக் காட்டினேன். "வார லீவு முடிஞ்சு வேலைக்குப் போற மொத நாள் நெஞ்சு இறுக்கமா இருக்குமா?"

அம்மா கரண்டியக் கீழ வெச்சுது. "ஏனம்மிணி, இது அந்தப் பொஸ்தகத்துல இருக்குதா?"

இருக்குதும்மான்னேன். பஞ்சுத் தூசியால வர்ற பிசினோசிஸ்க்கு அடையாளமே அதுதான், லீவு முடிஞ்ச மொத நாள் புடிக்கும், வாரம் போகப் போகக் கொறையும், வருஷம் ஏற ஏற எல்லா நாளும் புடிக்கும்.

"திங்கக்கெழமயானா நெஞ்சு மேல ஆட்டாங்கல்ல வெச்சாப்ல இருக்கும் கண்ணு. சொன்னா, லீவுல நல்லா தின்னுட்டு வேலை செய்ய ஒடம்பு வளையலேம்பாங்க. வாராவாரம் வெல்லம் குடுப்பாங்க, தூசி எறங்கீரும்னு. நானும் எனக்குத்தான் சோம்பேறித்தனம்னு நெனச்சிட்டேன்."

ஃபேக்டரி சட்டத்தோட மூணாவது அட்டவணைல இந்த நோய் பேரு போட்டே இருக்கு. பாக்குற டாக்டர் ஃபேக்டரி தலைமை இன்ஸ்பெக்டருக்கு எழுதணும். அம்மாவுக்கு ஆஸ்துமான்னு இன்ஹேலர் எழுதிக் குடுத்தாங்க, அவ்வளவுதான். நானும் நர்சிங் படிச்சுட்டு அந்த இன்ஹேலர மாசாமாசம் வாங்கிக் குடுத்துட்டுத்தான் இருந்தேன்.

இதுக்கு மேல இன்னிக்கு எழுத முடியல.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கமிட்டி ஒத்துக்கிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்த சந்துல ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், ஞாயித்துக்கிழம காலியா இருக்கும், ரூம் குடுத்தாங்க. சாட்சிக்கு அந்த ஒடியாக்காரரோட சம்சாரம் வந்திருந்தாங்க, அவங்களுக்கும் மில்லுக்கும் சம்பந்தம் இல்ல.

மொதல்ல வந்த புள்ளைக்கு ஒடியால முழுசா வாசிச்சுக் காட்டினோம். ரெண்டு கேள்வி கேட்டுச்சு. எம் பேரு எங்க எழுதுவீங்க, வேண்டாம்னா மில்லுல சொல்லுவீங்களா? பேரே எழுதமாட்டோம், யார்கிட்டயும் சொல்லமாட்டோம்னோம். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு வேண்டாம்னு சொல்லிருச்சு. சரின்னு சிரிச்சேன், அதுவும் சிரிச்சுச்சு. தகவல் தாள மட்டும் நாலா மடிச்சு பர்சுல வெச்சுக்கிட்டுப் போச்சு. ரெஜிஸ்டர்ல மொத வரில "மறுத்தவர்: 1"ன்னு எழுதினேன். அந்த 38ல ஒண்ணு கூட இப்படி இல்ல.

அடுத்து வந்தவங்க சேலம் பக்கம், எட்டு வருஷமா மில்லுல. கைல அரை லிட்டர் பாட்டில். பேச்சுக்கு நடுவுல தாகம்னு பாட்டிலத் தூக்கி, மூடில ஊத்தி, அந்த மூடித் தண்ணியால ஒதட்ட மட்டும் நனச்சுக்கிட்டாங்க. ரூம்லதான இருக்கோம், குடிங்கக்கான்னேன். "பழகிருச்சுங்க. ஷிப்டுக்கு நாலு மூடி. அதுக்கு மேலன்னா டோக்கன் கேக்கோணும்." இங்க பாத்ரூம் பின்னாடியே இருக்குது, தாழ்ப்பா இருக்குதுன்னு சொன்னேன். எந்திரிச்சுப் போயி தாழ்ப்பாளப் போட்டு எடுத்துப் பாத்துட்டு வந்து, பாதி பாட்டிலக் குடிச்சாங்க.

அஞ்சு மணிக்குள்ள ஹாஸ்டலுக்குத் திரும்பணுமாம், நாலரை பஸ் வந்துருச்சு. 14வது கேள்வில நிக்குது. மீதிய அடுத்த ஞாயித்துக்கிழம சொல்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க.