புள்ளி வைத்த எழுத்தின் வழியே ஆங்கிலம்

நம் பள்ளியின் முதல் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியை, எழுத்துகளின் பெயர்களைச் சொல்லித் தருவதற்கு முன்பே அவற்றின் ஒலிகளைச் சொல்லித் தந்தார். ஏ, பி, சி என்று 26 பெயர்களையும் ஒப்பித்து முடித்த பிறகே சொற்களுக்குச் செல்வது அன்று வழக்கமாக இருந்ததால், அவருடைய முறை பெற்றோர் சிலருக்கு வியப்பாகவும் சிலருக்குக் கவலையாகவும் இருந்தது. நானும் சிறு பிள்ளைகளுக்கு வாசிப்புக் கற்பிக்கும் பணிக்கு வந்த பின்னரே அம்முறையின் அருமை எனக்கு முழுமையாக விளங்கிற்று.

பி, ஐ, என் என்ற மூன்று பெயர்களையும் எவ்வளவு விரைவாகச் சேர்த்துச் சொன்னாலும் ‘பின்’ என்ற சொல் பிறக்காது. தமிழில் எழுத்தைச் சொல்வதே அதன் ஒலியைச் சொல்வதாகும் என்பதால், தமிழ்ப் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் முற்றிலும் புதியது. ஆசிரியை கரும்பலகையில் முதலில் ‘ப் + இ = பி’ என்று நாங்கள் ஏற்கெனவே அறிந்திருந்ததை எழுதுவார்; அதற்கு நேர் கீழே ஆங்கில எழுத்துகள் மூன்றையும் இடைவெளி விட்டு எழுதி, ஒவ்வொன்றின் அடியிலும் விரலை வைத்து ‘ப்… இ… ன்…’ என்று ஒலிப்பார். அடுத்த முறை விரல் சற்று விரையும். அதற்கடுத்த முறை எங்கும் நில்லாமல் ஓடும். வகுப்பு முழுவதும் ‘பின்’ என்று ஒரே குரலில் முடிக்கும். எங்களில் ஒருவர் மெய்யோடு அகரத்தை ஒட்டி ‘ப, இ, ன’ என்று சொல்லிவிட்டால், “புள்ளியை எங்கே விட்டாய், கண்ணா?” என்று கேட்பார். ஒலிகளைச் சேர்க்கும்போது பிள்ளைகள் தடுமாறுவதற்கு இப்படித் தேவையற்ற உயிர் ஒட்டிக்கொள்வது ஒரு முக்கியக் காரணம் என்பதை என் வகுப்பறையிலும் அடிக்கடி காண்கிறேன். மெய்யெழுத்தைத் தனியே ஒலிக்கப் பழகிய பிள்ளைக்கு அந்தத் தடையைத் தாண்டும் வழி கையிலேயே இருக்கிறது. எங்கள் ஆசிரியை அதைக் கண்டுகொண்டதுதான் அவருடைய தனித்திறன் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளைக் கொண்டே குறுஞ்சொற்கள் பலவற்றை அமைக்கலாம் என்பதால், எழுத்தின் ஒலியைக் கொண்டு வாசிக்கக் கற்பிக்கும் ஒலிவழிப் (ஃபோனிக்ஸ்) பாடத்திட்டங்கள் பல இன்று இவற்றில் தொடங்குகின்றன. அவரும் ஏறக்குறைய அவற்றோடுதான் தொடங்கினார். அவற்றுள்ளும் ‘ஸ்’, ‘ன்’ போல மூச்சுள்ளவரை நீட்டக்கூடிய ஒலிகளை முதலில் எடுத்தார். நீட்ட முடிந்த ஒலி அடுத்த ஒலியோடு இழைவது எளிது, ‘ப்’, ‘ட்’ போன்றவை பிறந்த கணமே முடிந்துவிடும்.

தமிழ் எழுத்து துணைக்கு வராத இடங்களில்தான் அவர் கூடுதல் நேரம் செலவிட்டார். தமிழில் பகரம் ஒன்றே சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்பத் தன் ஒலியை மாற்றிக்கொள்ளும். ஆங்கிலத்திலோ பி என்று நாம் எழுதும் இரண்டு எழுத்துகள் இரண்டு வேறு ஒலிகளுக்கு உரியவை. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதடுகளுக்கு முன்னே பிடித்து, ‘பேனா’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சொல்லச் சொல்வார். மூச்சு வெடித்து வந்தால் காகிதம் துள்ளும். ‘பந்து’ என்பதற்கான சொல்லுக்கு அது ஏறத்தாழ அசையாது. ‘ஸ்’ ஒலியையும், வண்டின் ரீங்காரம் போன்ற அதன் இணையொலியையும் பிரித்தறிய, தொண்டையில் விரல் வைத்து அதிர்வு உண்டா இல்லையா என்று பார்க்கச் செய்வார்.

ஆங்கிலத்தில் ஏறத்தாழ 44 ஒலிகள் இருக்க, எழுத்துகள் 26 மட்டுமே என்பதால், இரண்டு எழுத்து கூடி ஓரொலி தரும் இடங்களும், ‘பின்’ என்பதன் இறுதியில் ஈ என்ற எழுத்தைச் சேர்த்தால் ‘பைன்’ ஆகிவிடும் இடங்களும் பின்னர் வந்தன. விதிக்கு அடங்காத சொற்களையும் அவர் முழுவதுமாக மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை. ஒலிக்கேற்ப அமைந்த எழுத்துகளை முதலில் வாசித்து, அடங்காத ஓரெழுத்தை மட்டும் வட்டமிட்டு நினைவில் வைக்கச் சொன்னார்.

அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இலும், தொடக்கநிலை வாசிப்புக் கற்பித்தலை ஆராய்ந்த இங்கிலாந்தின் ரோஸ் அறிக்கை 2006இலும் முறையான ஒலிவழிக் கற்பித்தலை வலியுறுத்தின. 2012 முதல் இங்கிலாந்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 40 சொற்களைக் கொண்டு நடத்தப்படும் சோதனையில் பாதி பொருளற்ற சொற்கள். பார்த்துப் பழகிய சொல்லை நினைவிலிருந்து சொல்லாமல் எழுத்தை ஒலித்தே வாசிக்கிறார்களா என்பதை அறிவதே அதன் நோக்கம். எங்கள் ஆசிரியையும் ‘நிஸ்’, ‘பிம்’ என்று பொருளற்றவற்றை எழுதி வாசிக்கச் சொல்வார். ஆனால் அத்தோடு நிறுத்தமாட்டார். பாடவேளையின் இறுதியில் ஒரு கதையை உரக்கப் படித்துக் காட்டி, அதில் வரும் சொற்களின் பொருளை எங்களோடு பேசுவார். ஒலித்து வாசித்த சொல் பிள்ளை காதால் கேட்டறிந்த சொல்லாக இருந்தால்தான் வாசிப்பு பொருளைத் தரும்.

பெற்றோர் பலர் வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளையின் ஆங்கில வாசிப்பு பின்தங்கிவிடுமோ என்று என்னிடம் கேட்கிறார்கள். மெய்யும் உயிரும் சேரும் விதத்தைத் தமிழில் விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள் என்பதே அவர்களுக்கு நான் தரும் விடை. என் வகுப்பில் அப்படிப் பழகி வந்த பிள்ளைகள் ‘ப்… இ… ன்…’ என்பதைச் சேர்க்க அதிக நாள் எடுத்துக்கொள்வதில்லை.