ரூபாய் தொள்ளாயிரம் மட்டும்

ஜூன் 3, செவ்வாய்

ஐந்து ரோடு பக்கம் மாடியில் அறை எடுத்து இன்றோடு ஒரு மாதம். நானும் நண்பனும் கட்டுவது ஒரு சந்தை. ஒருவர் எழுதிய மென்பொருள் உதிரியை இன்னொருவர் விலைக்கு வாங்கித் தன் பில்லிங் மென்பொருளில் அப்படியே பொருத்திக்கொள்ளலாம். சேலத்தில் கடைகளுக்கு பில்லிங் எழுதும் எங்களைப் போன்றவர்கள் அதே ஜிஎஸ்டி கணக்கை ஆளுக்கொரு தடவை முதலிலிருந்து எழுதுகிறோம், அந்த உழைப்பு வீணாவதைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. யோசனை பழசுதான். 1968இல் ஜெர்மனியின் கார்மிஷில் நடந்த நேட்டோவின் மென்பொருள் மாநாட்டிலேயே டக் மெக்கில்ராய் என்ற கணினி அறிஞர் இதைப் பேசிவிட்டார்: ஒரு கோணத்தின் சைன் மதிப்பைக் கணக்கிடும் சின்ன நிரலைக்கூடத் துல்லியம், வேகம் என்று பல தினுசில் செய்து பட்டியல் போட்டு வைக்கவேண்டும், தேவைக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளட்டும் என்று.

ஜூன் 7, சனி

முதலில் வந்த உதிரி, பில் தொகையைத் தமிழ் எழுத்தில் எழுதித் தருவது. செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிக் கடையில் போட்டுப் பார்த்தோம். 'ரூபாய் ஒன்பது நூறு மட்டும்' என்று அச்சாகி வந்தது. "தம்பி, இதைக் கொலுசு வாங்க வந்தவங்க கையில எப்படிக் குடுப்பேன்?" என்றார் கடைக்காரர். நியாயம்தானே. எண்ணூறு வரை சரியாக வருகிறது, ஆனால் தமிழில் ஒன்பதுக்குத் தனி வழி: 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், 9,000 வந்தால் மறுபடி ஒன்பதாயிரம். பின்னால் எண் ஒட்டினால் தொள்ளாயிரம் 'தொள்ளாயிரத்து' ஆகவேண்டும். எங்கள் விற்பனைப் பக்கத்தில் விலை இருந்தது, படம் இருந்தது, நட்சத்திரங்கள் இருந்தன. இந்தத் தப்பை வாங்குபவருக்கு முன்கூட்டியே காட்ட அதில் ஒன்றுமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

எழுதியவர் ராத்திரியே திருத்தி அனுப்பிவிட்டார். கடையில் மாற்றியாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

ஆத்தூர் பக்கம் சேகோ ஆலை வைத்திருக்கும் மாமா வந்திருந்தார். 900 கதையைச் சொன்னேன். "மாப்ள, என் சரக்கு நல்ல சரக்குன்னு நானே சொன்னா எவன் நம்புவான்? சாம்பிள் சொல்லணும்" என்றார். 1981இல் தொடங்கிய சேகோசர்வ் என்ற ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் நடக்கிறது. ஆலைக்காரர்கள் ஜவ்வரிசி மூட்டையைக் கிடங்கில் இறக்குவார்கள், மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பார்கள், அப்புறம்தான் டெண்டர். எங்களுக்கும் இதுதான் வேண்டும். இனி எந்த உதிரியும் நாங்கள் ஓட்டிப் பார்த்த சோதனைகளோடுதான் விற்பனைக்கு வரும், எதில் தேறியது, எதில் விழுந்தது என்று வாங்குபவர் கண்ணாலேயே பார்க்கலாம், தன் சோதனையையும் சேர்க்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

வேண்டாம் என்றால் தன் உதிரியைச் சந்தையிலிருந்து எடுத்துவிடலாமா என்று உதிரி எழுதும் ஒருவர் கேட்டார். அவருடைய பொருள், எடுக்கட்டும் என்றான் நண்பன். எனக்கு ஒப்பவில்லை. 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரி நிரலை எழுதியவர், நிரல்களைப் பொதுவில் பகிரும் கிடங்கான என்பிஎம்மிலிருந்து அதை நீக்கியதும், அதை நம்பியிருந்த எத்தனையோ பேரின் மென்பொருள் உருவாக்கமுடியாமல் நின்றது. அதன்பிறகு என்பிஎம் நீக்கும் விதியையே இறுக்கியது. ரொம்ப நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: விற்பனையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஏற்கெனவே வாங்கியவருக்கு அந்த வெர்ஷன் எங்கள் சர்வரில் இருந்துகொண்டே இருக்கும். வாங்கியவர் வருடாவருடம் கட்டும் பராமரிப்புப் பணத்தில் பெரும்பங்கு எழுதியவருக்கு.

ஜூன் 24, செவ்வாய்

தமிழ்த் தொகை உதிரிக்குக் கடைக்காரரே ஒரு சோதனை எழுதித் தந்தார், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், பேனாவால்: 99,999. ஓட்டினோம். தொண்ணூற்று ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. ஒற்று உட்பட எல்லாம் சரி. அந்தச் சோதனையை உதிரியின் சோதனைப் பட்டியலில் முதல் வரியில் வைத்திருக்கிறோம்.